காலிக் கப்பலைச் சுட்டவன்

441 பேரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவன் விடுதலையாகிறான். அவன் சுட்டு அழித்த கப்பலில் அந்த 441 பேரும் இருக்கவே இல்லை என்பது கடைசி நேரத்தில் தெரியவருகிறது. கப்பல் காலி. நண்பர்கள் கூடி அவனுக்கு விருந்து வைக்கிறார்கள். விருந்துக்குப் போவதற்கு முன், அவனுக்காக வாதாடி அவனை மீட்டெடுத்த அதே மேலதிகாரி அவனைத் தனியே பிடித்து, நீ செய்தது தவறு என்று கடிந்துகொள்கிறார்.

யாரும் சாகவில்லை. விசாரணையும் முடிந்துவிட்டது. அப்புறம் என்ன தவறு?

‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரின் நான்காம் பருவத்தில், 1996 ஏப்ரலில் ஒளிபரப்பான ‘ரூல்ஸ் ஆஃப் எங்கேஜ்மென்ட்’ என்ற அத்தியாயத்தில் வரும் கேள்வி இது. எப்போது சுடலாம், எப்போது சுடக்கூடாது என்று படைகள் வகுத்துக்கொள்ளும் விதிகளுக்குத்தான் ஆங்கிலத்தில் இந்தப் பெயர். நீதிமன்ற நாடகமாகப் பார்த்தால் சில இடங்கள் கொஞ்சம் செயற்கையாகவே இருக்கின்றன. ஆனால் அந்தக் கடைசி சில நிமிட உரையாடலை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. விடுதலை கிடைத்த பிறகு ஒரு குற்றத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும் கதைகள் மிகக் குறைவு.

அந்தக் கேள்விக்குள் போவதற்கு முன் அந்தக் கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுட்டது வோர்ஃப் என்ற மனிதன். (மனிதன் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். அவன் கிளிங்கான் இனத்தவன்.) சுட்ட கப்பலின் பெயர் டிஃபையன்ட்.

பயந்தவர்கள் கட்டிய கப்பல்

ஸ்டார் ட்ரெக்கின் ஸ்டார்ஃப்ளீட் தன்னை ஒரு ராணுவமாகச் சொல்லிக்கொள்வதில் எப்போதுமே தயக்கம் காட்டும். அதன் முதல் வேலை ஆராய்ச்சி. ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் எண்டர்பிரைஸ் கப்பலில் ஆயிரம் பேருக்கு மேல் வாழ்வார்கள். குடும்பங்கள், பிள்ளைகள், வகுப்பறை, ஆய்வுக்கூடம் எல்லாம் உள்ளேயே இருக்கும். தெரியாத கப்பல் ஒன்று எதிரே வந்தால் அவர்கள் முதலில் செய்வது தகவல்தொடர்பைத் திறந்து, நாங்கள் இன்னார், நீங்கள் யார் என்று கேட்பது. ஆயுதம் உண்டு, அதன் முறை பிறகுதான் வரும்.

டிஃபையன்ட் அந்தக் குடும்பத்தில் பிறந்த வேறு மாதிரிப் பிள்ளை. போர்க் என்ற எதிரி ஒரே ஒரு கப்பலோடு வந்து, வுல்ஃப் 359 என்ற இடத்தில் ஸ்டார்ஃப்ளீட்டின் 39 கப்பல்களை நொறுக்கிவிட்டுப் போகிறது. ஏறக்குறைய 11,000 பேர் இறக்கிறார்கள். டீப் ஸ்பேஸ் நைன் நிலையத்தின் தலைவர் பெஞ்சமின் சிஸ்கோவின் மனைவியும் அதில் ஒருவர். அந்தத் தோல்விக்குப் பிறகு, போர்க்கை எதிர்ப்பதற்காகவே ஒரு கப்பலைத் திட்டமிடுகிறார்கள். செவ்வாய்க் கோளில் இருக்கும் கப்பல் கட்டும் தளத்தில் சிஸ்கோவும் அந்த வேலையில் இருந்தார். மனைவியை இழந்தவர், அவளைக் கொன்றவர்களைக் கொல்ல ஒரு கப்பல் வரைகிறார்.

அப்படி வந்த கப்பலில் குடும்பங்களுக்கு இடமில்லை, ஆய்வுக்கூடமும் கிடையாது. சில டஜன் பேர், அடுக்குக் கட்டிலில் படுத்து எழ வேண்டும். மிச்சமிருந்த இடத்தை எல்லாம் இயந்திரமும் பீரங்கிகளும் டார்பிடோக்களும் எடுத்துக்கொண்டன. உடல் அளவுக்கு மீறிய இயந்திர பலம். சோதனை ஓட்டத்தில் தன் வேகத்தாலேயே கப்பல் உடைந்து சிதறப் பார்த்தது. போர்க் பயம் குறைந்ததும் திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டார்கள். பிறகு டொமினியன் என்ற புதிய எதிரி வந்ததும், 1994இல் தொடங்கிய மூன்றாம் பருவத்தில், சிஸ்கோ அதைக் கேட்டு வாங்கி வருகிறார். காகிதத்தில் அதன் பெயர் ‘பாதுகாப்புத் துணைக் கப்பல்’. உண்மையில் இது போர்க்கப்பல், வேறொன்றும் இல்லை என்று சிஸ்கோ தன் ஆட்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறார். அந்த வெளிப்படைத்தன்மை எனக்குப் பிடிக்கும்.

பொறியாளனாக எனக்கு இதில் ஒரு விஷயம் முக்கியமாகப் படுகிறது. ஒரு இயந்திரத்தை வடிவமைக்கும்போது, அதை இயக்கப்போகிறவர் முதலில் எந்தக் கேள்வியைக் கேட்பார் என்பதையும் நாம் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறோம். எந்தப் பொத்தான் கைக்குப் பக்கத்தில் இருக்கிறது, எந்த எண் திரையில் பெரிதாகத் தெரிகிறது, எதைத் தேட இரண்டு மெனு உள்ளே போக வேண்டும் என்பதெல்லாம் அதன் பகுதி. எண்டர்பிரைஸில் உட்கார்ந்திருப்பவருக்கு ‘யார் இது?’ என்ற கேள்வி எளிதில் வரும். டிஃபையன்டில் உட்கார்ந்திருப்பவருக்கு ‘எவ்வளவு தூரம், எப்போது சுடலாம்?’ என்பதுதான் முதலில் வரும். வோர்ஃப் ஆணையிடும் நாற்காலியில் உட்காருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவனுடைய முடிவில் ஒரு பங்கை வேறு சிலர் வரைபடத்தில் போட்டுவிட்டார்கள்.

ஆனால் இதை வைத்து வோர்ஃபைத் தப்பிக்க விடவும் முடியாது. அதற்கு அந்த அத்தியாயத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது.

நடந்தது

கிளிங்கான்கள் கார்டாசியர்களோடு போரில் இருக்கிறார்கள். நோய் பரவிய ஒரு கார்டாசியக் குடியிருப்புக்கு நிவாரணக் கப்பல்கள் போகின்றன. காவலுக்கு டிஃபையன்ட், தலைமையில் வோர்ஃப். அவன் ஸ்டார்ஃப்ளீட்டில் இருக்கும் ஒரே கிளிங்கான். தன் இனத்தின் படையெடுப்பில் சேர மறுத்ததால், குடும்பத்தின் மானமும் சொத்தும் பிடுங்கப்பட்டவன்.

இரண்டு கிளிங்கான் போர்க்கப்பல்கள் தாக்குகின்றன. இவற்றிடம் மறைதிரை உண்டு. போட்டுக்கொண்டால் கப்பல் கண்ணுக்கும் கருவிக்கும் தெரியாது, சுடுவதற்கு மட்டும் வெளிப்பட்டாக வேண்டும். தோன்றுகிறது, சுடுகிறது, மறைகிறது. மறுபடி தோன்றுகிறது. வோர்ஃப் அந்த ஒழுங்கைக் கவனித்து, அடுத்து எங்கே தோன்றும் என்று கணிக்கிறான். கணித்த இடத்தில், கணித்த நேரத்தில் ஒரு கப்பல் தோன்றுகிறது. சுடச் சொல்கிறான். வெடித்துச் சிதறியது ஒரு பயணிகள் கப்பல்.

கிளிங்கான்கள் அவனைத் தங்களிடம் ஒப்படைக்கக் கேட்கிறார்கள். விசாரணை நடக்கிறது. கிளிங்கான் வழக்கறிஞர் சம்பவத்தைப் பற்றி அதிகம் பேசுவதே இல்லை. நடந்ததில் யாருக்கும் சந்தேகமில்லை, சுடும்போது அவன் நெஞ்சில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி என்கிறார். மதுக்கடைக்காரன் குவார்க்கைக் கூப்பிட்டு, கிளிங்கான்கள் தாக்கினால் நல்லது என்று வோர்ஃப் சொன்னதைக் கக்க வைக்கிறார். டாக்ஸைக் கூப்பிட்டு, புறப்படுவதற்கு முன் வோர்ஃப் விளையாடிய போர் விளையாட்டைப் பற்றிக் கேட்கிறார். ஒரு பழைய கிளிங்கான் மன்னன் நகரைப் பிடித்து, உள்ளே இருந்தவர்கள் அனைவரையும் கொல்லச் சொன்ன கதை அது. கடைசியில் வோர்ஃபையே கூண்டில் ஏற்றிச் சீண்டிச் சீண்டி, எல்லார் முன்னாலும் தன்னை அடிக்க வைத்துவிடுகிறார். ஆயுதம் இல்லாதவனை அடிக்க மாட்டேன் என்று சற்று முன்புதான் பெருமை பேசியவன் அவன்.

நான் சொன்ன சாட்சி மைல்ஸ் ஓப்ரையன். கப்பலின் பொறியியல் தலைவன், அன்று அதே தளத்தில் இருந்தவன், பல போர்களைப் பார்த்தவன். அந்த நாற்காலியில் நீ இருந்திருந்தால் சுட்டிருப்பாயா என்று வழக்கறிஞர் கேட்கிறார். எல்லாம் முடிந்த பிறகு சொல்வது சுலபம் என்று அவன் இழுத்துப் பார்க்கிறான். விடாமல் கேட்டதும், இல்லை, சுட்டிருக்க மாட்டேன் என்று நண்பனுக்கு எதிராகச் சொல்கிறான். அதே கப்பல், அதே திரை, அதே சில நொடிகள். ஆகவே கப்பல்மீது மட்டும் பழி போட்டு முடிக்க முடியாது.

பிறகு ஓடோவின் துப்பறிதல். அந்தப் பயணிகள் பட்டியலில் இருந்த 441 பேரும் சில மாதங்களுக்கு முன் வேறொரு விபத்தில் இறந்தவர்கள். செத்தவர்களின் பெயர்களை ஏற்றி, காலிக் கப்பல் ஒன்றைக் கிளிங்கான்கள் குறிபார்த்த இடத்துக்குள் ஓட்டிவிட்டிருக்கிறார்கள். ஸ்டார்ஃப்ளீட்டுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தரவும், நிவாரணக் காவலை நிறுத்தவும் போட்ட திட்டம். வழக்கு முடிகிறது.

அதன் பிறகுதான் சிஸ்கோ அவனிடம் பேசுகிறார். எதிரே வந்தது என்னவென்று பார்க்காமல் சுட்டாய் என்கிறார். வோர்ஃப் தற்காத்துப் பேசிப் பார்த்துவிட்டு, கடைசியில் தனக்கு எதையோ நிரூபிக்க வேண்டியிருந்தது என்று ஒத்துக்கொள்கிறான்.

அதிர்ஷ்டம் எதைக் கழுவும்?

ஓடோ உண்மையைக் கண்டுபிடிப்பதற்கு முந்தின நாளையும் அடுத்த நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். முந்தின நாள் வோர்ஃப் 441 பேரைக் கொன்றவன். அடுத்த நாள் யாரையும் கொல்லாதவன். இரண்டு நாளுக்கும் நடுவில் வோர்ஃபிடம் என்ன மாறியது? ஒன்றுமே இல்லை. சுட்ட கை அதேதான், சுடும்போது தெரிந்திருந்ததும் தெரியாமல் இருந்ததும் அதேதான். மாறியது அந்தக் கப்பலைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்த தகவல் மட்டும். கப்பல் காலியாக இருந்தது வோர்ஃபின் கவனத்தாலோ கருணையாலோ இல்லை. எதிரியின் சதியால். சொல்லப்போனால் அவனைக் காப்பாற்றியது அவனுடைய எதிரிகளின் அயோக்கியத்தனம்தான்.

மெய்யியலில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் ஒரே தலைப்பில் எழுதிய இரண்டு கட்டுரைகளிலிருந்து ‘அற அதிர்ஷ்டம்’ என்ற விவாதம் தொடங்குகிறது. நம் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றுக்கு நாம் பொறுப்பாக முடியாது என்று எல்லாரும் நம்புகிறோம். ஆனால் தீர்ப்புச் சொல்லும்போது அப்படி நடந்துகொள்வதில்லை. நேகல் ஓர் உதாரணம் தருகிறார். குழந்தையைக் குளியல் தொட்டியில் விட்டு, தண்ணீரையும் திறந்துவிட்டு ஒருவர் மறந்துபோகிறார். நினைவு வந்து மாடிப்படியில் பாய்ந்து ஏறுகிறார். மேலே குழந்தை மூழ்கியிருந்தால் அவர் செய்தது கொடூரம். விளையாடிக்கொண்டிருந்தால் வெறும் கவனக்குறைவு. படியில் ஓடிக்கொண்டிருக்கும் அந்த மனிதருக்கு, தான் இரண்டில் யார் என்று இன்னும் தெரியாது.

இந்த இடத்தில் அவசரப்பட்டு ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். விளைவு முக்கியமே இல்லை, எண்ணம் மட்டும்தான் கணக்கு என்று சொல்வது சுத்தமாகக் கேட்கும். ஆனால் இறந்தவரின் வீட்டில் போய் அதைச் சொல்ல முடியாது. 441 பிணங்கள் இருப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் நடுவே மலையளவு வேறுபாடு உண்டு. இறந்தவர்களுக்கு நாம் கடன்படுகிறோம். இழப்பீடு, மன்னிப்பு, தண்டனை, நினைவு எல்லாம் அந்தக் கடனின் வகைகள். யாரும் இறக்கவில்லை என்றால் அந்தக் கடன் இல்லை. வோர்ஃபை விடுவித்தது சரியான தீர்ப்புதான்.

ஆனால் இன்னொரு கணக்கு இருக்கிறது. தெரியாத ஒன்றின்மீது சுடச் சொல்லும் ஆளாக நான் இருக்கிறேனா என்ற கணக்கு. அதை இறந்தவர்களின் எண்ணிக்கை தீர்க்காது. சிஸ்கோ திறப்பது இந்த இரண்டாவது ஏட்டை. முதல் ஏட்டில் பாக்கி பூஜ்யம் என்றதும் எல்லாரும் இரண்டாவதையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். விருந்து வைப்பது அதற்குத்தான்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த இரண்டாவது ஏடு புதிதல்ல. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் செய்த பிழை என்ன? பொற்கொல்லனின் பேச்சை நம்பி, விசாரிக்காமல் ஒருவனைக் கொல்லச் சொன்னது. கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததால் அந்தப் பிழை வெளியே தெரிந்தது. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: கோவலன் நிஜமாகவே திருடனாக இருந்து, சிலம்பிலிருந்து முத்து உதிர்ந்திருந்தால்? பாண்டியன் அரியணையில் இருந்திருப்பான், மதுரை எரிந்திருக்காது, காப்பியமும் வந்திருக்காது. ஆனால் விசாரிக்காமல் கொல்லச் சொன்ன அரசன் ஒருவன் அந்த அரியணையில் அப்படியே உட்கார்ந்திருப்பான். அடுத்த முறை இன்னொருவன் வருவான், இன்னொரு பொற்கொல்லனும் வருவான்.

தொழிற்சாலைகளில் இதையே வேறு மொழியில் சொல்வார்கள். சாரத்தின் மேலிருந்து ஒரு ஸ்பேனர் விழுகிறது. கீழே யாரும் இல்லை. எடுத்து மேலே கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஆனால் ‘நியர் மிஸ்’ என்று அதை எழுதி வைக்கச் சொல்வார்கள். கீழே ஆள் இல்லாதது தற்செயல், ஸ்பேனரைக் கட்டாமல் வைத்தது பழக்கம். நம் நாட்டில் 2004இல் வந்த விதிமுறைகள்படி, சாரம் சரிவது, பாரந்தூக்கி கவிழ்வது போன்ற சில ஆபத்தான நிகழ்வுகளை ஒருவருக்கும் கீறல்கூடப் படாவிட்டாலும் ஜேகேகேபிக்குத் தெரிவித்தாக வேண்டும். காலையில் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் இதைச் சொன்னால், “அதான் ஒண்ணும் ஆகலையே பாஸ்” என்றுதான் யாராவது முணுமுணுப்பார்கள். ஒண்ணும் ஆகாததால்தான் இப்போது பேச முடிகிறது. ஆகியிருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும், வழக்கறிஞர்கள் வந்திருப்பார்கள், யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். வோர்ஃப் தன் மனதில் இருந்ததை விசாரணையில் ஒத்துக்கொள்ளவில்லை, விடுதலைக்குப் பிறகுதான் ஒத்துக்கொண்டான் என்பதையும் கவனிக்க வேண்டும்.

சுடாதவரின் கதை

சிஸ்கோ சொல்வதற்கு எதிராக வலுவான ஒரு வாதம் உண்டு. வசதியான அறையில் உட்கார்ந்து சொல்லலாம், அந்தச் சில நொடிகளில் யாரால் முடியும்? எதிரே தோன்றியது நிஜமான போர்க்கப்பலாக இருந்து, வோர்ஃப் ‘யார் நீங்கள்?’ என்று கேட்டுக்கொண்டிருந்தால் டிஃபையன்டில் இருந்தவர்கள் செத்திருப்பார்களே?

இது கற்பனை வாதம் இல்லை. பாரசீக வளைகுடாவில், 1987 மே 17 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல் ஸ்டார்க்கை நோக்கி ஓர் ஈராக்கிய விமானம் வந்தது. கப்பல் அதைக் கண்டது, ஆனால் சுடவில்லை. விமானம் ஏவிய இரண்டு எக்ஸோசெட் ஏவுகணைகள் கப்பலைத் தாக்கின. 37 மாலுமிகள் இறந்தார்கள். தலைமை அதிகாரி பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

அடுத்த ஆண்டு, 1988 ஜூலை 3 அன்று, அதே வளைகுடாப் பகுதியில் வின்சென்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஈரானியப் படகுகளோடு மோதிக்கொண்டிருந்தது. பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஈரான் ஏர் 655 மேலே வந்தது. அது எழுந்து ஏழு நிமிடத்துக்குள் வின்சென்ஸ் இரண்டு ஏவுகணைகளை ஏவியது. 290 பேர் இறந்தார்கள், அதில் 66 பேர் குழந்தைகள். அந்தக் காலத்தின் மிக நவீனமான ஏஜிஸ் கருவித்தொகுதி அந்தக் கப்பலில் இருந்தது. விமானம் மேலே ஏறிக்கொண்டிருப்பதாகவே கருவி பதிவு செய்திருந்தது. ஆனால் திரைக்கு முன் இருந்தவர்கள், போர் விமானம் ஒன்று தங்களை நோக்கி இறங்கி வருவதாகச் சொன்னார்கள். மன அழுத்தத்தில் தகவலைத் தங்களை அறியாமலேயே திரித்துப் புரிந்துகொண்டிருக்கலாம் என்று அமெரிக்கக் கடற்படையின் விசாரணை அறிக்கை சொன்னது. எதிரி வருவான் என்று காத்திருப்பவனுக்கு வருகிறதெல்லாம் எதிரிதான். வோர்ஃபுக்கு நடந்ததும் இதுதான். கணித்த இடத்தில் தோன்றியதால் அது எதிரி.

ஸ்டார்க்கின் தலைவர் கண்டனக் கடிதத்தோடு ஓய்வு பெற்றார். வின்சென்ஸின் தலைவருக்கு 1990இல், அந்தக் கப்பலை வழிநடத்திய காலத்துக்காக ‘லீஜியன் ஆஃப் மெரிட்’ பதக்கம் கொடுத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஓர் இளம் அதிகாரி என்ன பாடம் படிப்பான்? சந்தேகம் வந்தால் சுடு. சுடாவிட்டால் வேலை போகும், சுட்டால் பதக்கம்கூடக் கிடைக்கலாம்.

நமக்கு இது எங்கோ வளைகுடாவில் நடந்த கதை மட்டும் இல்லை. 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைனின் மேலே எம்எச்17 விமானத்தை ஒரு பூக் ஏவுகணை வீழ்த்தியது. இறந்த 298 பேரில் 43 பேர் மலேசியர்கள். 2022 நவம்பரில் தீர்ப்புச் சொன்ன நெதர்லாந்து நீதிமன்றம், அதை ஏவியவர்கள் ராணுவ விமானம் என்று நினைத்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தத் தவறான எண்ணம் குற்றத்தை இல்லாமல் ஆக்கிவிடாது என்றும் சொல்லி, மூவருக்கு அவர்கள் முன்னிலையில் இல்லாமலேயே ஆயுள் தண்டனை விதித்தது. ‘ராணுவ விமானம்னு நெனச்சோம்’ என்ற வார்த்தை அந்தக் குடும்பங்களின் காதில் எப்படி விழும் என்று யோசித்துப் பார்த்தால் போதும். பார்க்காமல் சுட்டவருக்கு அது விளக்கம். சுடப்பட்டவரின் வீட்டுக்கு அதுதான் குற்றமே.

சுடாவிட்டால் நாங்கள் சாகலாமே என்ற வாதத்துக்குச் சிஸ்கோ தரும் பதில் ஆறுதலானது இல்லை. ஆமாம், சாகலாம் என்பதுதான் அது. இந்தச் சீருடையைப் போட்டவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளப் பொதுமக்களை ஆபத்தில் வைக்கக் கூடாது, ஆபத்து ‘இருக்கலாம்’ என்ற நிலையிலும் வைக்கக் கூடாது, அதனால் சண்டையில் தோற்கலாம், உயிரும் போகலாம் என்கிறார். மைக்கேல் வால்சர் 1977இல் வெளிவந்த ‘நீதியான, அநீதியான போர்கள்’ நூலில் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். பொதுமக்களைக் கொல்ல நினைக்கவில்லை என்பது போதாது, அவர்கள் சாகாமல் இருக்கப் படைவீரன் தன் தலையில் கொஞ்சம் ஆபத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். அதே ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகளோடு சேர்க்கப்பட்ட நெறிமுறையும், தாக்கும் முன் இலக்கு எதுவென்று உறுதிசெய்ய இயன்றதை எல்லாம் செய்யச் சொல்கிறது. ஒருவர் பொதுமகனா என்ற சந்தேகம் வந்தால் பொதுமகன் என்றே கொள்ள வேண்டும் என்கிறது.

அப்படியானால் ஸ்டார்க்கில் இறந்த 37 பேருக்கு என்ன பதில்? எளிதான பதில் என்னிடம் இல்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். அந்த 37 பேர் ஆபத்து என்று தெரிந்த வேலையில் இருந்தார்கள், கையில் ஆயுதம் இருந்தது, பின்னால் ஒரு நாடு இருந்தது. துபாய்க்கு டிக்கெட் எடுத்தவர்களிடம் அது எதுவும் இல்லை. யாரோ ஒருவர் ஆபத்தைச் சுமந்துதான் ஆக வேண்டும் என்றால், அது ஆயுதம் வைத்திருப்பவராக இருப்பதே நியாயம். ஆயுதத்தோடு வரும் விலை அது.

சிஸ்கோவின் முறை

இவ்வளவு சொன்ன சிஸ்கோவை இதே கப்பலில் வைத்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். 1997 பிப்ரவரியில் வந்த ‘ஃபார் தி யூனிஃபார்ம்’ அத்தியாயம். சிஸ்கோவின் கீழ் வேலை பார்த்த எடிங்டன், துரோகம் செய்து மக்கீ என்ற கிளர்ச்சிப் படையில் சேர்ந்திருக்கிறான். கார்டாசியர்கள் வாழ முடியாதபடி அவர்களுடைய குடியேற்றக் கோள்களின் காற்றில் நஞ்சைப் பரப்புகிறான். அவனைப் பிடிக்க முடியாமல் தவிக்கும் சிஸ்கோ, மக்கீ குடியேறிய ஒரு கோளின்மேல் டிஃபையன்டை நிறுத்துகிறார். ஐம்பது ஆண்டுகளுக்கு மனிதர் வாழ முடியாதபடி அதன் காற்றை நஞ்சாக்கப்போவதாகவும், எல்லாரும் வெளியேறும்படியும் அறிவிக்கிறார். எடிங்டன் அதை வெறும் மிரட்டல் என்று நினைக்கிறான். சிஸ்கோ டார்பிடோக்களை ஏவச் சொல்கிறார்.

ஆயுதப் பலகையில் இருப்பது வோர்ஃப். அவன் ஒரு கணம் தயங்குகிறான். சிஸ்கோ குரலை உயர்த்தி மீண்டும் கட்டளையிட வேண்டியிருக்கிறது.

அந்தத் தயக்கத்தை எழுத்தாளர்கள் முந்தைய அத்தியாயத்தை நினைத்து வைத்தார்களா தெரியாது, எனக்கு அது அங்கிருந்து வருவதாகவே படுகிறது. மக்கள் தப்பி ஓடுகிறார்கள், யாரும் இறப்பதாகக் காட்டப்படவில்லை. எடிங்டன் சரணடைகிறான். வீடிழந்த கார்டாசியர்களும் மக்கீயும் ஒருவர் விட்ட கோளில் மற்றவர் குடியேறலாம் என்று கணக்கு சமன் ஆகிறது. கடைசிக் காட்சியில் சிஸ்கோவும் டாக்ஸும் இதைப் பற்றி இலகுவாகப் பேசிக்கொள்கிறார்கள். தலைமையகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்டாரா என்பதுகூட வேடிக்கையாகக் கடந்துபோகிறது.

இந்த முறை சிஸ்கோவைத் தனியே அழைத்து, நீங்கள் செய்தது தவறு என்று சொல்ல யாரும் இல்லை. யாரும் சாகவில்லை என்பதே போதுமானதாகிவிட்டது. வோர்ஃப் மீதான வழக்கில் எது போதாது என்று சிஸ்கோ சொன்னாரோ, அதையே தனக்குப் போதும் என்று வைத்துக்கொண்டார். தனிப்பட்ட கோபம் ஒன்று வோர்ஃபின் கையை வேகப்படுத்தியது என்றால், சிஸ்கோவின் கையையும் அதுவே வேகப்படுத்தியது.

இதனால் சிஸ்கோ வோர்ஃபிடம் சொன்னது பொய்யாகிவிடாது. சொன்னவர் தவறினாலும் சொன்னது நிற்கும். ஆனால் இரண்டாவது ஏட்டை ஒருவர் தனக்குத் தானே திறந்து பார்ப்பது எவ்வளவு அரிது என்பதை இந்த இரண்டு அத்தியாயங்களும் சேர்ந்து காட்டுகின்றன. முதல் ஏட்டைத் திறக்க நீதிமன்றம் இருக்கிறது, குடும்பங்கள் இருக்கின்றன, பத்திரிகைகள் இருக்கின்றன. இரண்டாவதைத் திறக்கப் பக்கத்தில் ஒருவர் வேண்டும். நமக்கு வேண்டியவராக இருக்க வேண்டும், நமக்காக வாதாடியவராக இருந்தால் இன்னும் நல்லது, எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகும் வாயைத் திறக்கக் கூடியவராக இருக்க வேண்டும். வோர்ஃபுக்கு சிஸ்கோ கிடைத்தார். சிஸ்கோவுக்கு அன்று அந்தக் கப்பலில் கிடைத்தது, ஆயுதப் பலகையில் ஒரு கணத் தயக்கம் மட்டும். அதையும் அவர் குரலை உயர்த்தி அடக்கிவிட்டார்.